அப்டேட் கிடங்கில் தேங்கும் சரக்கு

நிறுவனக் கணினிகளுக்கான மென்பொருள் அப்டேட்கள் பெரும்பாலும் இணையத்திலிருந்து நேராக மேசைக்கு வருவதில்லை. முதலில் அலுவலகத்து சர்வர் ஒன்றில் இறங்குகின்றன. அங்கே காத்திருந்து, நிர்வாகியின் ஒப்புதல் கிடைத்த பிறகே ஒவ்வொரு கணினிக்கும் போய்ச் சேர்கின்றன. கப்பலிலிருந்து இறங்கிய கன்டெய்னர் துறைமுக யார்டில் நின்று, சுங்கத்துறை கையெழுத்துப் போட்டதும் லாரி ஏறி எண்ணூர் நெடுஞ்சாலையைப் பிடிப்பதைப் போன்ற ஏற்பாடு இது. யார்டு சரக்கை வழியனுப்புவதற்காக இருக்கிறது. வந்தது வெளியேறாமல் நின்றால் அடுத்த கப்பலுக்கு இடமில்லை. அப்டேட் சர்வரின் டிஸ்க் நிரம்புவதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம்.

கிடங்கு எதற்கு

இணையம் இருக்கும்போது உள்ளூரில் கிடங்கு எதற்கு என்ற கேள்விக்கு ஒரு சின்னக் கணக்கு பதில் சொல்லும். ராயபுரத்தில் 200 கணினிகள் கொண்ட ஒரு சரக்குப் போக்குவரத்து அலுவலகம் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். அந்த மாதத்து விண்டோஸ் அப்டேட் 700 எம்பி. அலுவலகத்தின் இணைய இணைப்பு 10 எம்பிபிஎஸ். ஒரு கணினிக்கு இறக்க ஒன்பது நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். இருநூறு கணினிகளும் தனித்தனியே இறக்கினால் 31 மணி நேரம் அந்த இணைப்பில் வேறு வேலை நடக்காது. கிடங்கு இருந்தால் ஒரே ஒரு முறை இறக்கினால் போதும். மற்றதெல்லாம் அலுவலகத்துக்குள் ஓடும் கேபிளில் நடந்துவிடும்.

மைக்ரோசாஃப்ட் 2003 அக்டோபர் முதல் மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமையில் பாதுகாப்பு அப்டேட்களை வெளியிடுகிறது. இந்திய நேரப்படி அது இரவு பத்தரை அல்லது பதினொன்றரை மணி. அதனால் சென்னையில் அது புதன்கிழமைக் காலை வேலையாகவே விடிகிறது. வர்தா புயல் 2016 டிசம்பர் 12, திங்கட்கிழமை சென்னைக் கரையைக் கடந்தது. மறுநாள் அந்த மாதத்தின் இரண்டாம் செவ்வாய். மின்கம்பங்கள் சாய்ந்து கிடந்த ஊரில் அன்றிரவு அப்டேட்டைப் பற்றி யோசித்தவர் குறைவாகவே இருந்திருப்பார்கள். ஆனால் இப்படிப்பட்ட நாட்களுக்குப் பிறகு மின்சாரம் திரும்பும்போது, அணைந்து கிடந்த கணினிகளெல்லாம் ஒரே காலையில் விழித்து, சேர்ந்துபோன அப்டேட்களைக் கேட்கும். அந்தக் கூட்டத்தை இணைய இணைப்பு தாங்காது, உள்ளூர் சர்வர் தாங்கும்.

இடம் போதவில்லை என்று அப்டேட்களை நிறுத்திவைப்பதும் வழியல்ல. விண்டோஸின் கோப்புப் பகிர்வில் இருந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் 2017 மார்ச் 14 அன்று வந்தது. அதைப் போடாத கணினிகளை வானாக்ரை என்ற வைரஸ் 59 நாள் கழித்து, மே 12 அன்று பிடித்தது. ஜூன் 27 அன்று பரவிய நாட்பெட்யா மும்பையை அடுத்த ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் ஒரு கன்டெய்னர் முனையத்தை முடக்கியது. அந்த வைரஸ் புறப்பட்டதே உக்ரைனில் ஒரு கணக்கு மென்பொருளின் அப்டேட் வழியாகத்தான். ஆக, வரவேண்டியது தாமதமின்றி உள்ளே வரவேண்டும், வரக்கூடாதது வாசலிலேயே நிற்கவேண்டும். கிடங்கு வைத்திருப்பவரிடம் இந்த இரண்டும் எதிர்பார்க்கப்படுகின்றன.

யார்டும் பதிவேடும்

நிறுவனங்களில் பரவலாக இருக்கும் கிடங்கு மைக்ரோசாஃப்ட்டின் விண்டோஸ் சர்வர் அப்டேட் சர்வீசஸ். சுருக்கமாக டபிள்யூசஸ். 2002-இல் வேறு பெயரில் தொடங்கி, 2005-இல் இந்தப் பெயர் பெற்றது. இனி இதில் புதிய வசதிகள் சேர்க்கப்படமாட்டா என்று 2024 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. ஆனாலும் விண்டோஸ் சர்வர் 2025-இலும் இது இருக்கிறது, உள்ளூர் நெட்வொர்க்குகளில் ஓடிக்கொண்டும் இருக்கிறது.

இதற்குள் இரண்டு பாகங்கள் உண்டு. ஒன்று டேட்டாபேஸ். எந்த அப்டேட் எந்த விண்டோஸுக்கு, எது எதற்குப் பதிலாக வந்தது, எதற்கு ஒப்புதல் தரப்பட்டது, எந்தக் கணினிக்கு எது தேவை என்ற விவரமெல்லாம் அதில்தான். இன்னொன்று உண்மையான கோப்புகள் கிடக்கும் ஃபோல்டர். அதைத் திறந்தால் 00 தொடங்கி எஃப்எஃப் வரை 256 உள்ஃபோல்டர்கள் தெரியும். ஒவ்வொன்றிலும் நாற்பது எழுத்து நீளத்தில் எண்ணும் எழுத்தும் கலந்த பெயருடைய கோப்புகள். கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட முத்திரைதான் அந்தப் பெயர். அதன் கடைசி இரண்டு எழுத்து எதுவோ அந்த ஃபோல்டரில் கோப்பு போய் உட்காரும். பெயரைப் பார்த்து இது விண்டோஸ் 11-க்கா, ஆஃபிஸுக்கா, இந்த மாதத்தினுடையதா, மூன்று வருடம் பழையதா என்று யாராலும் சொல்லமுடியாது. கன்டெய்னர் எண்ணை மட்டும் பார்த்து உள்ளே வெங்காயமா, உதிரிபாகமா என்று சொல்லமுடியாததைப் போலத்தான். எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்பது பதிவேட்டுக்கு மட்டுமே தெரியும்.

பின்னால் வரும் விதிகள் எல்லாம் இதிலிருந்து பிறப்பவை. யார்டில் கிடப்பதும் பதிவேட்டில் எழுதியிருப்பதும் ஒத்துப்போகவேண்டும். பதிவேட்டின் வழியாகவே சரக்கை வெளியேற்றவேண்டும்.

தேக்கம் எப்படி உண்டாகிறது

டபிள்யூசஸுக்கு 40 ஜிபியோ அதற்கு மேலோ இடம் ஒதுக்குவது நல்லது என்பது மைக்ரோசாஃப்ட்டின் பரிந்துரை. நடப்பில் நூற்றுக்கணக்கான ஜிபி விழுங்கிய சர்வர்கள் சாதாரணம். அதற்கான காரணங்களில் சில, சர்வரை நிறுவிய அன்றே விதைக்கப்படுகின்றன. சில மாதாமாதம் வளர்கின்றன.

நிறுவும்போது வரும் முதல் தவறு, எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாத் தயாரிப்புகளையும் டிக் செய்வது. அலுவலகத்தில் இல்லாத விண்டோஸ் பதிப்புக்கும், யாரும் பயன்படுத்தாத மென்பொருளுக்கும் அப்டேட் பட்டியல் வந்துகொண்டே இருக்கும். அடுத்தது டிரைவர்கள். உலகத்தில் உள்ள பிரின்டர், நெட்வொர்க் கார்டு, ஒலி அட்டை எல்லாவற்றுக்குமான பதிவுகள் வந்து சேர்ந்து டேட்டாபேஸைக் கனக்கச் செய்துவிடும். மூன்றாவது மொழி. விண்டோஸின் பெரிய பதிப்பு மாற்றங்கள் மொழிவாரியாகத் தனித்தனிக் கோப்புகளாக வருகின்றன, ஒவ்வொன்றும் பல ஜிபி. திருவொற்றியூரில் உள்ள அலுவலகத்துக்குப் பிரெஞ்சும் ஜப்பானியமும் எதற்கு? ஆங்கிலம் ஒன்று இருந்தால் பெரும்பாலான இடங்களில் வேலை நடந்துவிடும்.

நான்காவது எக்ஸ்பிரஸ் கோப்புகள் என்ற வசதி. கணினியில் ஏற்கெனவே இருப்பதற்கும் புதிதாக வந்ததற்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் மேசைக்கு அனுப்புவது இதன் நோக்கம். மேசைக்குப் போகும் அளவு குறையும். ஆனால் எல்லா வேறுபாடுகளையும் தயாராக வைத்திருக்கவேண்டியிருப்பதால் சர்வரில் இறங்கும் அளவு பெருகும். மெலிந்த இணைப்பில் பல கிளைகள் இருக்கும் நிறுவனத்துக்கு இது லாபம். ஒரே கட்டடத்தில் எல்லாரும் இருந்தால் டிஸ்க்குக்கு வீண் சுமை. 2023 மார்ச் முதல் விண்டோஸ் 11-க்கு வந்த புதிய தொகுப்பு முறையும் இடம் கேட்பதே. ஒவ்வொரு பதிப்புக்கும் செயலி வகைக்கும் தொடக்கத்தில் ஏறத்தாழ 10 ஜிபி கூடுதலாக ஒதுக்கவேண்டியிருக்கிறது.

மாதாமாதம் வளர்வதில் முக்கியமானது, காலாவதியான ஒப்புதல். விண்டோஸ் 10 வந்த 2015 முதல் மாத அப்டேட்கள் கூட்டுத்தொகுப்பாக வருகின்றன. மார்ச் மாதத் தொகுப்பில் ஜனவரி, பிப்ரவரித் திருத்தங்களும் அடக்கம். மார்ச் வந்தபின் பிப்ரவரித் தொகுப்பு பெரும்பாலும் வெறும் பாரம். 700 எம்பி வீதம் ஐந்து பதிப்புகளுக்கு ஒரு வருடம் சேர்ந்தால் 42 ஜிபி. கடைசி மூன்று மாதம் மட்டும் இருந்தால் பத்தரை ஜிபி. மிச்சமுள்ள முப்பத்தொன்றரை ஜிபியும், பிப்ரவரிக்குக் கொடுத்த ஒப்புதலை யாரும் திரும்பப் பெறாததால் தங்கியவை.

வாசலில் தடுப்பது

உள்ளே வந்ததை வெளியேற்றுவதைவிட வராமல் பார்த்துக்கொள்வது எளிது. தயாரிப்புப் பட்டியலை அலுவலகத்தில் உண்மையில் உள்ள கணினிகளின் கணக்கோடு ஒப்பிட்டு வெட்டவேண்டும். டிரைவர்களை எடுத்துவிடவேண்டும். மொழியை ஒன்றாகக் குறைக்கவேண்டும். ஒப்புதல் தந்த பிறகே கோப்பை இறக்கு என்ற விருப்பம் இயக்கத்தில் இருக்கவேண்டும். அப்போது பட்டியல் மட்டும் வரும், பெட்டி வராது. எல்லா வகைக்கும் தானாக ஒப்புதல் தரும் விதியைப் போட்டுவைத்தால் இந்த விருப்பம் இருந்தும் பயனில்லை.

இதில் பலர் தவறவிடும் நுணுக்கம் ஒன்று உண்டு. ஒரு தயாரிப்பின் டிக்கை எடுத்துவிட்டால் இனிமேல் வருவது நிற்கும். ஏற்கெனவே வந்தது அப்படியே கிடக்கும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. கடைசி விண்டோஸ் 10 கணினியும் அலுவலகத்தை விட்டுப் போனபின் அந்த டிக்கை எடுப்பதோடு நிற்காமல், அதற்காக வந்து கிடக்கும் அப்டேட்களை நிராகரித்தும் ஆகவேண்டும்.

முப்பது நாள் விதி

1962-ஆம் ஆண்டின் சுங்கச் சட்டம், பிரிவு 48, துறைமுகத்தில் தேங்கும் சரக்கைப் பற்றியது. கப்பலிலிருந்து இறக்கிய நாளிலிருந்து 30 நாளுக்குள் எடுக்கப்படாத சரக்கை, இறக்குமதி செய்தவருக்கு அறிவிப்புக் கொடுத்து, உரிய அதிகாரியின் அனுமதியோடு, காப்பில் வைத்திருப்பவர் விற்கலாம். நாள் கணக்கு, அறிவிப்பு, அனுமதி எல்லாம் முடிந்த பிறகுதான் அகற்றுதல்.

சரக்கு இப்படி அகலாமல் வழக்கு, ஆவணம் என்று சிக்கிக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு மணலியே சாட்சி. சுங்கத்துறை 2015-இல் கைப்பற்றிய அமோனியம் நைட்ரேட், சுமார் 700 டன், 37 கன்டெய்னர்களில் மணலியின் கன்டெய்னர் நிலையம் ஒன்றில் ஐந்து வருடம் நின்றது. 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகத்தில் அதே வேதிப்பொருள் வெடித்தது. அதன் பிறகே மணலிச் சரக்கு வேகவேகமாக ஐதராபாத்துக்கு லாரி ஏறியது. அந்த ஐந்து வருடமும் பதிவேட்டில் அது இருந்தது. இனி தேவையில்லை என்று முடிவெடுத்து வெளியேற்றும் வேலைதான் நடக்கவில்லை.

டபிள்யூசஸில் சுத்தப்படுத்தும் கருவி ஒன்று உண்டு. அதிலும் 30 நாள் கணக்குதான். புதிய ஒன்று வந்து இடம்பிடித்துவிட்ட பழைய அப்டேட்டை அது நிராகரிக்க மூன்று நிபந்தனைகள் உண்டு. பழையது 30 நாளோ அதற்கு மேலோ ஒப்புதல் இல்லாமல் இருக்கவேண்டும். எந்தக் கணினிக்கும் அது தேவைப்படக்கூடாது. அதற்குப் பதிலாக வந்த புதியதற்கு ஒப்புதல் இருக்கவேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் கருவி அதைத் தொடாது. மாதாமாதம் கருவியை ஓட்டுகிறோம், இடம் மட்டும் குறையவே இல்லை என்று சொல்பவர்களின் சர்வரில் பெரும்பாலும் முதல் நிபந்தனைதான் இடிக்கிறது. பழைய தொகுப்புக்குக் கொடுத்த ஒப்புதல் அப்படியே நிற்கிறது. இரண்டாவது நிபந்தனையில் தடங்கலாக வருவது, எப்போதோ பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்ட கணினி. பட்டியலில் அது இன்னும் உயிரோடு இருந்து, தனக்கு அந்த அப்டேட் தேவை என்று சொல்லிக்கொண்டிருக்கும். 30 நாளாகத் தொடர்பு கொள்ளாத கணினிகளை நீக்குவதும் இதே கருவியில் ஒரு விருப்பமாக இருப்பது அதற்காகத்தான்.

எனவே வேலையின் வரிசை முக்கியம். முதலில் புதிய தொகுப்புக்கு ஒப்புதல் தந்து, அது கணினிகளில் ஏறிவிட்டதா என்று பார்க்கவேண்டும். அடுத்து, செத்துப்போன கணினிகளைப் பட்டியலிலிருந்து எடுக்கவேண்டும். பிறகு பழைய தொகுப்புகளை நிராகரிக்கவேண்டும். கடைசியாக, தேவையற்ற கோப்புகளை நீக்கும் விருப்பத்தை ஓட்டவேண்டும். டிஸ்க்கில் இடம் உண்மையில் திரும்புவது இந்தக் கடைசிப் படியில்தான். முந்தைய படிகளைத் தாண்டி இதை மட்டும் ஓட்டினால் நீக்குவதற்கு அங்கே எதுவும் இருக்காது.

தலைமை அலுவலக சர்வர் ஒன்று, அதன் கீழ் எண்ணூரிலும் மணலியிலும் கிளை சர்வர்கள் என்று அடுக்காக இருந்தால் இன்னொரு வரிசையும் சேரும். நிராகரிக்கும் முடிவு தலைமையில் எடுக்கப்பட்டு ஒத்திசைவின் வழியாகக் கீழே இறங்கவேண்டும். நீக்கும் வேலை கடைசிக் கிளையில் தொடங்கி மேலே வரவேண்டும். தலைகீழாகச் செய்தால், மேலே இல்லாத ஒன்றைக் கிளையின் பதிவேடு தேடிக்கொண்டிருக்கும்.

பல வருடம் ஓட்டாத சர்வரில் முதல் சுத்தம் எளிதாக முடிவதில்லை. பாதியிலேயே நேரம் கடந்து கருவி நின்றுவிடும். டேட்டாபேஸின் குறியீடுகளைச் சீரமைத்துவிட்டு, ஒரு முறைக்கு ஒரு விருப்பம் என்று பிரித்து, நின்ற இடத்திலிருந்து திரும்பத் திரும்ப ஓட்டினால் கரையேறலாம். ஆடிக்கொரு முறை, அமாவாசைக்கொரு முறை என்று செய்பவர்களுக்கு ஒவ்வொரு முறையும் இந்தப் பாடு உண்டு. மாதாமாதம் செய்பவர்களுக்குக் கருவி விரைவில் வேலையை முடித்துக் கொடுத்துவிடும்.

கையால் அழித்தால்

டிஸ்க்கில் மிச்சம் பூஜ்யம் என்று எச்சரிக்கை வரும் இரவில் அவசரக்காரர் ஒருவர் செய்வது பெரும்பாலும் இதுதான். அப்டேட் ஃபோல்டரைத் திறப்பார். 256 ஃபோல்டர்களையும் தேதிவாரியாகத் தேடி, இரண்டு வருடம் பழைய கோப்புகளையெல்லாம் தேர்ந்தெடுத்து அழிப்பார். நூறு ஜிபி காலியானதைப் பார்த்து நிம்மதியாக வீட்டுக்குப் போவார்.

மறுநாள் காலையில் பதிவேடு அந்தக் கோப்புகள் இருப்பதாகவே சொல்லும். அவற்றில் ஒன்று தேவைப்படும் கணினி சர்வரைக் கேட்கும், கோப்பு கிடைக்காது, பிழை எண் ஒன்றோடு திரும்பும், சிறிது நேரம் கழித்து மறுபடியும் கேட்கும். பிழைகள் குவிந்ததும் வேறொருவர் சர்வரை மீளச் சரிபார்க்கும் கட்டளையைக் கொடுப்பார். அது ஒவ்வொரு பதிவுக்கும் உரிய கோப்பு இருக்கிறதா என்று பார்த்து, இல்லாததையெல்லாம் இணையத்திலிருந்து மறுபடி இறக்கும். ஒப்புதல்கள் அப்படியே இருப்பதால் நேற்று அழித்த நூறு ஜிபியும் திரும்பி வரும். பகல் முழுக்க அலுவலக இணையம் மூச்சுத் திணறும். மாலையில் டிஸ்க் மறுபடி பூஜ்யம். இதில் கட்டளை மேல் குறையில்லை. பதிவேட்டில் இருப்பதை அது யார்டில் நிறைவேற்றியது, அவ்வளவே.

இடம் உண்மையிலேயே போதாதபோது, உள்ளடக்க ஃபோல்டரை வேறு டிஸ்க்குக்கு நகர்த்த டபிள்யூசஸின் துணைக்கருவியில் தனிக் கட்டளை இருக்கிறது. அது கோப்புகளையும் நகர்த்தும், பதிவேட்டில் முகவரியையும் மாற்றும். புதிய டிஸ்க் வாங்குவது சில வேளைகளில் தேவைதான். ஆனால் ஒப்புதல் விதியை மாற்றாமல் டிஸ்க்கை மட்டும் வாங்குவது, கட்டிக்கொடுத்த சோறு எத்தனை நாளைக்கு என்ற கேள்வியில் போய் முடியும்.

இரட்டைக் கிடங்குகள்

ஆயிரக்கணக்கான கணினிகள் உள்ள நிறுவனங்கள் டபிள்யூசஸின் மேல் கான்ஃபிகரேஷன் மேனேஜரை வைத்துக்கொள்கின்றன. எஸ்சிசிஎம் என்ற பழைய பெயர்தான் இன்னும் வாயில் வருகிறது. இந்த அமைப்பில் டபிள்யூசஸ் பட்டியலை மட்டும் வைத்திருக்கும். கோப்புகள் எஸ்சிசிஎம்மின் தொகுப்புகளில் இறங்கி, விநியோக மையங்களுக்குப் போகும். பழக்கதோஷத்தில் டபிள்யூசஸிலும் ஒப்புதல் கொடுத்தால் அதே கோப்பு இரண்டு இடத்திலும் வந்து உட்காரும். இந்த அமைப்பில் டபிள்யூசஸ் ஃபோல்டர் பல ஜிபி காட்டினாலே அங்கே யாரோ ஒப்புதல் கொடுத்திருக்கிறார் என்று ஊகித்துவிடலாம்.

விநியோக மையத்தின் நூலகம் சிக்கனமானது. ஒரே கோப்பு பத்துத் தொகுப்புகளில் இருந்தாலும் டிஸ்க்கில் ஒன்றுதான் இருக்கும். ஆனால் மூலக்கோப்புகளுக்கான ஃபோல்டர் தனியாக இருக்கிறது. அங்கே சேர்ந்த பழசை நூலகம் குறைக்காது. விநியோக மையத்தில் ஒரு டிரைவில் நூலகம் பரவக்கூடாது என்றால், அதற்கென்று வகுத்த பெயரில் ஒரு வெற்றுக் கோப்பை அந்த டிரைவின் முகப்பில் வைத்தால் போதும், எஸ்சிசிஎம் அதைத் தொடாது. சி டிரைவில் இதை வைக்க மறந்துதான் பல சர்வர்கள் திணறுகின்றன. உரிமையாளர் இல்லாமல் நூலகத்தில் கிடக்கும் உள்ளடக்கத்தைக் கண்டெடுத்து நீக்க 2017 முதல் தனிக் கருவியும் உண்டு. எதை நீக்கப் போகிறது என்று முதலில் பட்டியலாகக் காட்டும், சம்மதித்தால் மட்டும் நீக்கும்.

மேசைக் கணினியில்

கிடங்கிலிருந்து கிளம்பிய சரக்கு கணினியில் மூன்று இடங்களில் தங்குகிறது. முதலாவது, இறக்கிய கோப்பு நிறுவப்படும் வரை காத்திருக்கும் தற்காலிக ஃபோல்டர். எஸ்சிசிஎம் உள்ள கணினியில் இதற்கு இயல்பான உச்சவரம்பு 5120 எம்பி. சிறிய எஸ்எஸ்டி உள்ள பழைய கணினிகளில் இதைக் குறைத்துவைக்கலாம். ஆனால் வரம்பைவிடப் பெரிய தொகுப்பு வந்தால் அது இறங்காது.

இரண்டாவது, வின்எஸ்எக்ஸ்எஸ் என்ற ஃபோல்டர். விண்டோஸின் உறுப்புகள் பழைய பதிப்புகளோடு இங்கேதான் இருக்கின்றன. எக்ஸ்புளோரரில் இதன் அளவைப் பார்ப்பவர்கள் மிரண்டுவிடுகிறார்கள். ஆனால் அந்த எண் முழு உண்மையல்ல. ஒரே கோப்புக்கு இரண்டு இடத்தில் பெயர் இருக்கும் முறை இங்கே கையாளப்படுவதால், விண்டோஸ் ஃபோல்டரில் உள்ளதும் இதில் உள்ளதும் இரட்டிப்பாக எண்ணப்படுகின்றன. உண்மை அளவைச் சொல்ல டிஸ்ம் என்ற கருவியில் கட்டளை உண்டு. இங்கேயும் முப்பது நாள்தான் கணக்கு. புதிய பதிப்பு ஏறி 30 நாளாவது ஆன பிறகே விண்டோஸின் தானியங்கிப் பணி பழையதை நீக்கும். டிஸ்ம் கட்டளையை நேரடியாகக் கொடுத்தால் அந்தத் தவணை பொருந்தாது, உடனே நீக்கிவிடும். அடித்தளத்தையே மாற்றும் கடுமையான கட்டளையும் இருக்கிறது. அதைக் கொடுத்தபின் அதுவரை ஏறிய அப்டேட்களைத் திரும்ப எடுக்கமுடியாது. இந்த ஃபோல்டரையும், விண்டோஸுக்குள் இருக்கும் இன்ஸ்டாலர் ஃபோல்டரையும் கையால் அழித்தால் பிறகு பழுதுபார்க்கவும் மென்பொருளை நீக்கவும் வழியில்லாமல் போகும்.

மூன்றாவது, கணினிகள் ஒன்றுக்கொன்று பகிர்ந்துகொள்வதற்காக வைத்திருக்கும் பிரதி. அப்டேட்டை இறக்கிய கணினி பக்கத்துக் கணினிக்கும் அதைக் கொடுக்கும் முறை விண்டோஸ் 10-இலிருந்து இருக்கிறது. இயல்பாக டிஸ்க்கின் 20 விழுக்காட்டுக்குள், மூன்று நாள் வரை இந்தப் பிரதி தங்கும். தனி சர்வர் வைக்கமுடியாத சிறிய கிளைகளுக்கு, ஒரு எடைமேடை அலுவலகத்துக்கோ கேட் ஆபீசுக்கோ, இதுவே போதுமான கிடங்கு.

லினக்ஸ் சர்வர்கள்

லினக்ஸில் பெயர்கள் வேறு, கதை ஒன்று. டெபியன் குடும்பத்தில் இறக்கிய தொகுப்புகள் ஆப்ட்டின் தற்காலிகக் கிடங்கில் தங்கும். சென்னை சி-டாக் உருவாக்கி 2007-இல் வெளிவந்த பாஸ் லினக்ஸும் இந்தக் குடும்பமே. எல்லாவற்றையும் துடைக்கும் கட்டளை ஒன்று, இனி இறக்கமுடியாத பழையதை மட்டும் துடைக்கும் கட்டளை இன்னொன்று. முதலில் நிரம்புவது பெரும்பாலும் பூட் பகுதி. ஒவ்வொரு கெர்னல் அப்டேட்டும் பழைய கெர்னலைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகும். சிறியதாக ஒதுக்கிய பூட் பகுதி நிரம்பியதும் அடுத்த அப்டேட் பாதியில் நிற்கும். ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலையும் அதற்கு முந்தைய ஒன்றையும் விட்டுவிட்டு மற்றதைத் தொகுப்பு மேலாளர் வழியாகவே எடுக்கவேண்டும். முழுக் களஞ்சியத்தையும் பிரதி எடுக்கும் நிறுவனங்கள், ஒவ்வொரு தொகுப்பிலும் புதிய பதிப்பை மட்டும் எடு என்ற விருப்பத்தைப் போட்டுவைத்தால் கிடங்கு பாதியாகச் சுருங்குவதுண்டு.

கட்டுப்பாட்டு அறை என்ற விதிவிலக்கு

அத்திப்பட்டிலும் மணலியிலும் அனல்மின் நிலையம், எண்ணெய்ச் சுத்திகரிப்பு, உரம் என்று பெருந்தொழில்கள் இருக்கும் வட்டாரம் இது. இத்தகைய ஆலைகளின் கட்டுப்பாட்டு அறைக் கணினிகளுக்கு அலுவலகக் கணினியின் விதி பொருந்தாது. கொதிகலனைக் காட்டும் திரை மாதம் ஒருமுறை மறுதொடக்கம் ஆகமுடியாது. கட்டுப்பாட்டு மென்பொருளைக் கொடுத்த நிறுவனம் சோதித்து ஏற்றுக்கொண்ட அப்டேட்டை மட்டுமே, திட்டமிட்ட பராமரிப்பு நிறுத்தத்தின்போது போடமுடியும். ஏற்றுக்கொண்டது எட்டு மாதம் பழையதாக இருந்தால் எட்டு மாதம் பழையதுதான் வேண்டும். மத்திய மின்சார ஆணையம் 2021 அக்டோபரில் வெளியிட்ட மின்துறை இணையப் பாதுகாப்பு வழிகாட்டுதல்கள் இத்தகைய அமைப்புகள் இணையத்திலிருந்து விலகியிருக்கவேண்டும் என்கின்றன. அதனால் அப்டேட்கள் இணையத்தோடு இணைந்த ஒரு சர்வரில் இறங்கி, வைரஸ் சோதனை முடிந்து, டிஸ்க்கில் ஏறி, கையால் கொண்டுசெல்லப்பட்டு உள்சர்வரில் ஏற்றப்படுகின்றன. டபிள்யூசஸில் இதற்கு ஏற்றுமதி, இறக்குமதிக் கட்டளைகள் உண்டு. கோப்புகளைத் தனியே பிரதி எடுக்கவேண்டும், பதிவேட்டை இந்தக் கட்டளைகள் கொண்டுபோகும். இரண்டு சர்வர்களிலும் மொழியும் எக்ஸ்பிரஸ் விருப்பமும் ஒன்றாக இருக்கவேண்டும்.

இங்கே பழசை நிராகரிக்கும் தானியங்கி ஓடக்கூடாது. அழித்தால் மீண்டும் இறக்கிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையும் இங்கே ஆபத்து. பழைய எஸ்எச்ஏ-1 கையெழுத்து உள்ள விண்டோஸ் கோப்புகளை மைக்ரோசாஃப்ட் 2020 ஆகஸ்ட் 3 அன்று தன் பதிவிறக்க மையத்திலிருந்து எடுத்துவிட்டது. விண்டோஸ் 7-இலோ அதற்கு முந்தையதிலோ ஓடும் ஆலைத் திரைகளுக்கு, யாரோ பத்திரப்படுத்திய பிரதிதான் ஒரே பிரதியாக இருக்கக்கூடும். அதனால் ஆலைக்கான அப்டேட்கள் அலுவலகக் கிடங்கோடு கலக்காமல், தனி டிஸ்க்கில், எந்த இயந்திரத்துக்கு, எந்தத் தேதியில் ஏற்கப்பட்டது என்ற குறிப்போடு ஆவணக் காப்பகமாக இருக்கவேண்டும். யார்டில் நிற்பது ஒன்று, பாண்டட் கிடங்கில் பூட்டி வைத்திருப்பது வேறொன்று.

அளவும் நாள்காட்டியும்

கிடங்குக்கென்று தனி டிஸ்க் ஒதுக்குவது அடிப்படை. இயங்குதளம், டேட்டாபேஸ், அப்டேட் கோப்புகள் மூன்றும் ஒரே டிரைவில் இருந்தால் ஒன்றின் தேக்கம் மூன்றையும் நிறுத்தும். கணினிப் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவின்படி 180 நாள் வைத்திருக்கவேண்டிய கணினி நடவடிக்கைப் பதிவுகளையும் இந்த டிஸ்க்கில் சேர்க்கக்கூடாது. பதிவுகளை அழிக்கமுடியாது, அப்டேட்களை அழித்தாகவேண்டும். இரண்டும் ஒரே இடத்துக்குப் போட்டியிட்டால் அவசரத்தில் தவறானது அழியும்.

அலுவலக அப்டேட் கோப்புகளைப் பேக்கப் எடுக்கவேண்டியதில்லை. இழந்தால் இணையத்திலிருந்து மீண்டும் இறக்கலாம். டேட்டாபேஸுக்கு மட்டும் பேக்கப் வேண்டும், ஒப்புதல்களும் கணினிக் குழுக்களும் அதில் இருப்பதால். இந்த ஒரு மாற்றத்திலேயே பேக்கப் டிஸ்க்கில் பெரிய இடம் மிஞ்சும். சர்வர் மெய்நிகர் இயந்திரமாக இருந்தால், உள்ளே அழித்த இடம் வெளியே உள்ள சேமிப்பகத்துக்குத் தானாகத் திரும்பாமல் போகலாம். அதைத் திருப்பிக்கொடுக்கும் வசதி இயக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே சுத்தம் பலித்ததா என்று சொல்லவேண்டும்.

கிடங்குக்கும் காவல் தேவை. டபிள்யூசஸிலேயே இருந்த ஆபத்தான ஓட்டை ஒன்றுக்கு 2025 அக்டோபர் 23 அன்று மைக்ரோசாஃப்ட் வழக்கமான செவ்வாய்க்குக் காத்திராமல் அவசரத் திருத்தம் வெளியிட்டது. எல்லாருக்கும் அப்டேட் கொடுக்கும் சர்வர், தனக்குரிய அப்டேட்டைத் தவறவிடுவது அபூர்வமல்ல.

மாத வேலை ஐந்து புதன்கிழமைகளுக்குள் அடங்கும். இரண்டாம் செவ்வாய்க்கு மறுநாளான முதல் புதன் காலையில் புதிய பட்டியலைப் பார்த்து, நான்கைந்து சோதனைக் கணினிகளுக்கு ஒப்புதல். அடுத்த புதன் எல்லாருக்கும் ஒப்புதல். மூன்றாவது புதன், ஏறாத கணினிகளைத் தேடிப்பிடித்தல். நான்காவது புதன், இரண்டு மாதத்துக்கு முந்தைய தொகுப்பின் ஒப்புதலைத் திரும்பப் பெற்று நிராகரித்து, கிளையிலிருந்து தலைமை வரை சுத்தக் கருவியை ஓட்டுதல். ஐந்தாவது புதன் வரும் மாதங்களில் தயாரிப்புப் பட்டியலையும் செத்த கணினிகளையும் சரிபார்த்தல். ஒவ்வொரு முறையும் சுத்தத்துக்கு முன் எத்தனை ஜிபி காலி, பின் எத்தனை ஜிபி காலி என்று இரண்டு எண்களை எழுதிவைக்கவேண்டும். ஆறு மாதம் எழுதினால் இந்த அலுவலகத்துக்கு மாதம் எவ்வளவு சரக்கு வருகிறது, எவ்வளவு வெளியேறுகிறது என்பது தெரிந்துவிடும். டிஸ்க் வாங்கவேண்டுமா, வாங்கினால் எவ்வளவு என்பதை அந்த எண்களே சொல்லும்.